பாட்டு ஒன்று, பொருள் இரண்டு

விமான் நகர் உணவு விடுதிகளில் கிதார் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடுவது இன்று சாதாரணம். அந்தப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகள் அதே பாட்டுகளைக் கைப்பேசியில் இரவெல்லாம் கேட்கிறார்கள். "இழவுப் பாட்டு வீட்டுக்கு ஆகாது" என்று பெற்றோர் கண்டிக்கிறார்கள். கண்டித்தால் மட்டும் போதுமா?

'ஹர்ட்' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் எழுதி, 1994-ல் வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. போதையில் சிக்கித் தன்னையே வெறுக்கும் இளைஞனின் புலம்பல் அது.

2002-ல் ஜானி கேஷ் அதையே பாடினார். வயது 70, உடலிலோ நோய். ஆபாசமான ஒரு சொல்லை நீக்கி 'முள்' என்று பொருள்படும் சொல்லை வைத்தார். மற்றபடி வரிகள் அநேகமாக அப்படியேதான். பொருள் மட்டும் மாறிவிட்டது! வாழப் பிடிக்காதவனின் குரல், வாழ்ந்து முடித்தவர் கணக்குப் பார்க்கும் குரலாயிற்று. அந்தப் பாட்டின் வீடியோவில் தோன்றிய அவர் மனைவி ஜூன் 2003 மே மாதம் காலமானார். அதே செப்டம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார். பாட்டு இனித் தன்னுடையதல்ல என்று எழுதியவரே சொல்லிவிட்டார்.

நமக்கு இது புதிதா என்ன? கண்ணதாசனின் 'வீடு வரை உறவு' 1962-ல் 'பாத காணிக்கை' படத்துக்காக டி.எம். சௌந்தரராஜன் பாடியது. பிறகு இழவு வீட்டு ஒலிபெருக்கியில் ஏறியது. படக்கதையை மறந்தவர்களும் பாட்டை மறக்கவில்லை. தகப்பனார் சாவுக்கு ரயில் ஏறியும் முகம் பார்க்கக் கிடைக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவர்கள் அதை முணுமுணுக்கும்போது அது சினிமாப் பாட்டா?

ஒரே ஊருக்கு ஒரே வண்டியில் டிக்கெட் வாங்குகிறார்கள். ஒருவர் கலியாணத்துக்குப் போகிறார், இன்னொருவர் கருமாதிக்கு. டிக்கெட்டைப் பார்த்தால் தெரியாது. ஆளைக் கேட்க வேண்டும்.

பிள்ளைகளையும் அப்படித்தான். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது?" என்று கேளுங்கள். ராகம் என்றால் சேர்ந்து கேளுங்கள். வரிகள் தன் கதைதான் என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பாட்டைத் தடுப்பது எளிது. பிள்ளையைக் கேட்பதுதான் நம் கடமை.