திக்கும் நாவும் திருந்தாத செவியும்

பினாங்கு மாநிலத்துப் பத்து காவான், கரும்பும் ரப்பரும் விளைந்த தோட்ட மண். 2014இல் தீவையும் அதனையும் இணைத்து 24 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது, தொழிற்சாலைகள் பெருகின. வாய்மூடி உழைத்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் வாய்திறந்து பேசியாக வேண்டிய காலம் இது. இக்காலத்திலும் திக்கிப் பேசும் பிள்ளையின் பெயரைப் பேச்சுப் போட்டிப் பட்டியலிலிருந்து நீக்கும் வழக்கம் எந்தத் தமிழ்ப்பள்ளியில் இருந்தாலும் அது கல்விக்கு இழுக்கன்றோ?

"பயப்படாதே, பொறுமையாகச் சொல்" என்பது அப்பிள்ளைக்கு வழங்கப்படும் அறிவுரை. அச்சமே திக்கலுக்குக் காரணம் என்னும் தவறான நம்பிக்கையில் பிறந்தது அது. திக்கலின் வேர் மரபுவழியிலும் மூளையின் பேச்சியக்கத்திலும் உள்ளது. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் அது தோன்றுகிறது. 100 குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவர் திக்குகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நாளடைவில் தேறிவிடுகின்றனர். நாணமும் பதற்றமும் திக்கலைப் படைப்பதில்லை, மிகுவிக்கின்றன. ஆதலின், உணர்ச்சியைத் தானே ஆளும் திறனையும் பேச்சுச் சிகிச்சை கவனத்திற் கொள்கிறது.

ஆயினும், "உணர்ச்சியை அடக்கு" என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆணையிடுவது அத்திறனைக் கற்பிப்பதாகாது. பெரியவரின் அமைதியைக் கண்டே பிள்ளை அமைதி கற்கிறது. சிரிக்கும் வகுப்பையும் சினக்கும் ஆசிரியரையும் விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் திருத்துவது, காற்றைத் தடுக்காமல் விளக்கைக் கடிந்துகொள்வதாகும்.

கண்டிப்பின்றித் திருத்தம் ஏது என்பாருளர். அவர்கள் 1939இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். வெண்டல் ஜான்சனின் மேற்பார்வையில், ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகள் 22 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. நன்றாகப் பேசிய அறுவரிடம், அவர்கள் பேச்சில் குறையுண்டு என்று மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. அவர்கள் திக்குவோராக மாறினர் எனத் துணிந்து கூற இயலாது. ஆனால், பேசவே தயங்கினர். 2001இல் அயோவா பல்கலைக்கழகம் அதற்காக மன்னிப்புக் கேட்டது. ஆய்வென்ற பெயரில் இழைக்கப்பட்ட அக்கொடுமை, அறிவுரை என்ற பெயரில் வகுப்பறையில் தொடரலாமா?

ஆசிரியர் செய்யத்தக்கவை அரியன அல்ல. தாம் நிதானமாகப் பேசுதல். பிள்ளை முடிக்குமட்டும் காத்திருத்தல். இடையில் சொல்லை எடுத்துக் கொடாமை. கேலியை முளையிலேயே கிள்ளுதல். திக்கல் நீடித்தால் சிகிச்சையாளரிடம் அனுப்பப் பெற்றோரைத் தூண்டுதல்.

சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் பொறையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னதை மாணவனிடம் எதிர்பார்க்கும் ஆசிரியர், பின்னதைத் தாம் முதலில் கற்கட்டும்.