மலை ஏறுவோரை மலைக்க வைக்கும் பெட்ரோல்!

ஸ்காட்லாந்து நாட்டில் மலை ஏறுவதற்குக் காசு வேண்டாம். அனுமதிச் சீட்டு வேண்டாம். யாரையும் கேட்கவும் வேண்டாம்.

மலை அடிவாரம் வரை போய்ச் சேருவதற்குத்தான் காசு வேண்டும்!

அந்தக் காசு 2022-ம் ஆண்டு கோடையில் அங்கே பலரைத் திண்டாட வைத்தது. பிப்ரவரியில் ரஷ்யா, உக்ரேன் மீது படை எடுத்தது. ஜூலை மாதத் தொடக்கத்தில் பிரிட்டனில் பெட்ரோலின் சராசரி விலை லிட்டருக்கு 191 பென்சைத் தாண்டிவிட்டது. டீசல் 199 பென்ஸ்! இரண்டுமே அதற்கு முன் அந்த நாடு கண்டிராத விலை. கொரோனாவால் ஊர் அடங்கிக் கிடந்த 2020 மே மாதத்தில் இதே பெட்ரோல் ஏறக்குறைய 105 பென்சுக்கு விற்றது.

(100 பென்ஸ் சேர்ந்தால் ஒரு பவுன். இது பிரிட்டிஷ் நாணயமான பவுன். நகைக் கடைப் பவுன் அல்ல.)

விலை ஏறினால் சரக்கு லாரிக்காரர் கஷ்டப்படுவார், டாக்சிக்காரர் கஷ்டப்படுவார். பொழுதுபோக்காக மலைக்குப் போகிறவனைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாட்டின் கதை வேறு. மலையில் நடக்கும் உரிமைக்காக அங்கே ஜனங்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

282 சிகரங்கள்

மலை ஏற்றம் என்றதும் கயிறும் கொக்கியும் செங்குத்துப் பாறையும் நினைவுக்கு வரும். அது வேறு. பிரிட்டிஷ்காரர்கள் "மலை நடை" என்று சொல்வது இன்னும் எளிய காரியம். நல்ல பூட்ஸ், மழைக் கோட்டு, வரைபடம், கொஞ்சம் ரொட்டி. இவ்வளவு இருந்தால் போதும். சனிக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டு, மாலைவரை நடந்து, இருட்டுவதற்குள் திரும்புவார்கள். குமாஸ்தா, பள்ளி ஆசிரியை, நர்சு, மெக்கானிக் எல்லோரும் இதில் உண்டு.

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களுக்கு "மன்ரோ" என்று பெயர். சர் ஹியூ மன்ரோ என்பவர் 1891-ல் அவற்றைப் பட்டியல் போட்டார். இப்போதைய கணக்கின்படி 282 சிகரங்கள். நம் ஊரில் 108 திருப்பதிகளையும் சேவித்துவிட வேண்டும் என்று சிலர் கணக்கு வைத்திருப்பார்கள் அல்லவா? அதுபோல அங்கே இந்த 282-ஐயும் ஒவ்வொன்றாக ஏறி முடித்துவிட வேண்டும் என்று புறப்படுகிறவர்கள் உண்டு. 1901-ல் ஒரு பாதிரியார் முதன்முதலில் முடித்தார் என்பது வரலாறு. அவருக்குப் பின் ஆயிரக்கணக்கானவர்கள் முடித்துவிட்டார்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு பொல்லாத குணம் இருக்கிறது. எவரும் பக்கத்தில் உள்ள மலைகளைத்தான் முதலில் ஏறுவார்கள். கிளாஸ்கோ நகரத்துக்காரருக்குப் பென் லோமண்ட் 30 மைல் சுமாரில் இருக்கிறது. வட கோடியில் உள்ள பென் ஹோப், 250 மைலுக்கும் அப்பால்! ஆகவே வருஷம் ஆக ஆக, மீதி இருப்பதெல்லாம் தூரத்து மலைகள். ஆர்வம் முற்ற முற்றப் பெட்ரோல் செலவும் முற்றுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளாஸ்கோவிலிருந்து கிளென்கோ பள்ளத்தாக்கு 90 மைல். போய்வர 180 மைல். நடுத்தரமான கார் ஒன்றுக்கு 20 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 2020 மே மாத விலையில் இது 21 பவுன். 2022 ஜூலையில் 38 பவுனுக்கு மேல். அப்போதைய மாற்று விகிதத்தில் சுமார் 3,600 ரூபாய். ஒரு நாள் நடப்பதற்கு! 2025-ல் விலை 135 பென்ஸ் அளவுக்கு இறங்கி இருந்தது. அப்போதும் 27 பவுன் ஆகும். மாதம் நான்கு முறை போனவர், இரண்டு முறை போதும் என்று நிறுத்திக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

சிறை சென்ற வாலிபர்கள்

1930-ம் ஆண்டுகளில் கிளாஸ்கோவிலும் கிளைட்பாங்கிலும் கப்பல் கட்டும் தொழில் படுத்துவிட்டது. வேலை இல்லாத வாலிபர்கள் மலைகளை நோக்கிப் புறப்பட்டார்கள். கையில் காசு கிடையாது. கால்நடையாகப் போனார்கள், லாரிக்காரர்களைக் கெஞ்சித் தொற்றிக்கொண்டு போனார்கள். கிரெய்காலியன் ஏரிக்கரையில் அவர்கள் மூட்டிய நெருப்பு மிகவும் பிரசித்தம். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்துக் கதை பேசுவார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுக் கல் நிற்கிறது.

இங்கிலாந்தில் நிலைமை இன்னும் மோசம். மலைகள் பிரபுக்களின் வேட்டைக் காடாக இருந்தன. கால் வைத்தால் காவல்காரன் தடியோடு வருவான். 1932 ஏப்ரல் 24-ந் தேதி, மான்செஸ்டர் நகரத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமீது அத்துமீறி ஏறினார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மன் என்ற 20 வயது வாலிபர் அன்று அங்கே வந்து சேர்ந்தது சைக்கிளில். ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000-ல் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் ஒரு சட்டம். 2003-ல் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் எல்லாவற்றையும் மிஞ்சியது. பொறுப்போடு நடந்துகொண்டால் யாரும் எந்த மலையிலும் நடக்கலாம். கூடாரம் போட்டு இரவு தங்கவும் செய்யலாம். நிலம் யாருடையது என்பது பிரச்சினை இல்லை.

வாசல் திறந்துவிட்டது. ஆனால் வாசலுக்குப் போகிற வழி?

எடுத்துப் போட்ட தண்டவாளம்

ராத்மன் காலத்தில் ரயில்வே கம்பெனிகள் நடைக்காரர்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமைகளில் குறைந்த கட்டண ரயில் விட்டன. அவற்றில் நகரத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் வந்தார்கள். பிறகு வந்தது 1963. டாக்டர் பீச்சிங் என்பவர் ரயில்வேயின் நஷ்டத்தைக் குறைக்க ஓர் அறிக்கை கொடுத்தார். சுமார் 5,000 மைல் ரயில் பாதையையும், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்டேஷன்களையும் மூடிவிடச் சொன்னார். எல்லாம் அப்படியே நடக்கவில்லை, பெரும்பகுதி நடந்துவிட்டது.

மலைநாட்டுக்குப் போன கிளைப் பாதைகள் பல அதில் அடிபட்டன. காலண்டர் - கிரியன்லாரிக் பாதை 1965-ல் போயிற்று. லாக்நகர் மலைக்கு வாசலான பாலட்டர் பாதை 1966-ல் நின்றது. ஆங்கில ஏரி நாட்டின் கெசிக் ஊருக்குப் போன ரயில் 1972-ல் கடைசியாக ஓடியது. எல்லோரும் கார் வாங்கி விடுவார்கள், ரயில் எதற்கு என்பது அந்தக் காலத்து நினைப்பு. கார் வாங்கினார்கள். காருக்கு ஊற்றுகிற எண்ணெய், எங்கோ நடக்கிற யுத்தத்தால் விலை ஏறும் என்பதை அப்போது யார் நினைத்தார்கள்?

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஸ்காட்லாந்துக்காரர்கள் சிக்கனத்துக்குப் பேர் போனவர்கள். அவர்களைப் பற்றி உலகம் பூராவும் சிரிப்புக் கதை உண்டு. 2022-ல் அந்தச் சிக்கனம் நன்றாகவே கைகொடுத்தது.

முதல் வழி, கூட்டாகப் போவது. 38 பவுனை நான்கு பேர் பங்கு போட்டால் ஆளுக்குப் பத்துப் பவுனுக்குள் முடிந்துவிடும். இது புதிய யோசனை அல்ல. பழைய மலைச் சங்கங்கள் மாதம் ஒருமுறை ஒரு பஸ்ஸையே வாடகைக்குப் பேசிப் போய்வந்தன. கார் பெருகியதும் அந்த வழக்கம் குறைந்தது. செலவைப் பங்கு போடுவதில் சட்டச் சிக்கலும் கிடையாது. ஆனால் கார்க்காரர் மேற்கொண்டு லாபம் பார்த்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி விபத்துக் காலத்தில் கையை விரித்துவிடலாம்.

இன்னொரு வழி, போன இடத்தில் தங்கிவிடுவது. இரண்டு முறை போய் இரண்டு மலை ஏறுவதற்குப் பதில், ஒரே முறை போய் மூன்று மலை. கூடாரத்துக்கு வாடகை இல்லை. அது வேண்டாம் என்றால், ஆடு மேய்ப்பவர்களும் காவல்காரர்களும் ஒரு காலத்தில் குடியிருந்த கல் வீடுகள் மலைக்குள் இருக்கின்றன. 1965-ல் ஏற்பட்ட ஒரு தொண்டர் சங்கம் அப்படிப்பட்ட நூறு வீடுகளைப் பழுது பார்த்துக் காக்கிறது. கதவுக்குப் பூட்டு இல்லை, கட்டணம் இல்லை, மின்விளக்கும் இல்லை!

காரை மெதுவாக ஓட்டுவதும் பலன் தருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். கார் கூரைமேல் காலியாகக் கிடக்கும் கேரியரைக் கழற்றி வைப்பதும், டயரில் சரியான காற்று வைப்பதும் இந்த வகைதான். இதில் மிச்சமாவது ஒரு பவுன், இரண்டு பவுன். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

நகரத்திலேயே டாங்கியை நிரப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. மலைநாட்டுக் கிராமங்களில் பெட்ரோல் விலை கூடுதல். கொண்டுபோகும் தூரமும் அதிகம், விற்பனையும் சொற்பம். இதற்காகவே தீவுகளுக்கு 2012-லும், சில தொலை கிராமங்களுக்கு 2015-லும் லிட்டருக்கு 5 பென்ஸ் வரிச் சலுகை கொடுத்தார்கள். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் நகரத்திலேயே நிரப்பிக்கொண்டு வந்தால், கிராமத்துப் பெட்ரோல் பங்கு எத்தனை நாள் தாங்கும்? அது மூடினால், அங்கே குடியிருப்பவர் எண்ணெய்க்காக வேறு ஊர் தேடிப் போக வேண்டும். மலை நடைக்காரரின் சிக்கனம் மலைவாசியின் தலையில் விடிகிறது.

சாலையே இல்லாத ஸ்டேஷன்

பீச்சிங் கோடரிக்குத் தப்பிய பாதைகளில் மேற்கு மலைநாட்டுப் பாதை முக்கியமானது. கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை, 1894-ல் திறந்தது. பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி ஸ்டேஷனில் இறங்கினால் பென் டோரன் மலை எதிரிலேயே நிற்கிறது. பிளாட்பாரத்திலிருந்தே ஏற ஆரம்பிக்கலாம். கோரூர் என்ற ஸ்டேஷன் இன்னும் விசேஷம். 1,300 அடிக்கு மேல் உயரத்தில் உள்ள அதற்குப் பொதுச் சாலையே கிடையாது! ரயிலில் போனால்தான் உண்டு. லண்டனிலிருந்து வரும் இரவு ரயில்கூட அங்கே நிற்கிறது.

ரயிலில் போகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. காரில் போனவர் எவ்வளவு நடந்தாலும் காருக்கே திரும்பியாக வேண்டும். ரயில்காரர் கோரூரில் இறங்கி, இரண்டு மன்ரோக்களைத் தாண்டி, ரானக் ஸ்டேஷனில் ஏறலாம்.

சங்கடமும் உண்டு. நாளைக்கு மூன்று நான்கு ரயில்தான். ஞாயிறு என்றால் இன்னும் குறைவு. சிகரத்தில் நிற்கும்போதும் கண் கடிகாரத்தில் இருக்கும். கடைசி ரயிலைப் பிடிக்க, மழையில் வழுக்கும் சரிவில் ஓட்டமும் நடையுமாக இறங்குவது நல்லதல்ல. காரில் வந்தவருக்கு வேறொரு ஆபத்து: இவ்வளவு பணம் செலவு செய்து வந்துவிட்டோமே என்ற எண்ணம். வானம் கறுத்தால் திரும்ப வேண்டியவர், அந்த எண்ணத்தால் மேலே ஏறுகிறார். அடுத்த முறை வர எத்தனை பவுன் ஆகுமோ என்று கணக்குப் பார்த்தால் கால் எப்படித் திரும்பும்?

பஸ் விஷயத்தில் ஸ்காட்லாந்து சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 60 வயதானவர்களுக்கு 2006 முதலே நாடு முழுவதும் பஸ்ஸில் இலவசம். 2022 ஜனவரி 31 முதல் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இலவசம். கிளாஸ்கோவிலிருந்து கிளென்கோ வழியாக ஸ்கை தீவுக்குப் போகிற பஸ்ஸிலும் இது செல்லும். கல்லூரி மாணவரும் தாத்தாவும் காசில்லாமல் போய்வரலாம்! நடுவில் உள்ளவர், அதாவது குழந்தை குட்டியோடு சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர், முழு டிக்கெட் வாங்க வேண்டும்.

மின்சாரக் கார் இருக்கிறதே என்கிறார்கள். சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவருக்கு அது லாபம்தான். வீட்டு மின்சாரத்துக்கு விற்பனை வரி 5 சதவிகிதம். கிளாஸ்கோவின் பழைய அடுக்கு மாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருப்பவர் ஜன்னல் வழியாக ஒயர் விட முடியுமா? அவர் தெருவில் உள்ள பொதுச் சார்ஜரைத்தான் நாட வேண்டும். அங்கே வரி 20 சதவிகிதம் என்றே பல ஆண்டுகளாக வசூலித்து வந்தார்கள். வசதி உள்ளவருக்கு மலிவு, இல்லாதவருக்குக் கிராக்கி!

லண்டன் சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச்சில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 5 பென்ஸ் குறைத்தது. கிளென்கோ போய்வரும் 20 லிட்டருக்கு இது ஒரு பவுன் சில்லறை. அந்த ஜூலையில் விற்ற 191 பென்சில் சர்க்காருக்குப் போன வரி மட்டும் ஏறக்குறைய 85 பென்ஸ். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை ஞாயிற்றுக்கிழமை பஸ்களுக்கு ஒதுக்கியிருந்தால் மலை நடைக்காரருக்கும், மலைநாட்டுக் கிராமத்தாருக்கும் சேர்த்தே உதவியிருக்கும்.

பாலட்டரில் 1966-ல் ரயில் நின்ற பிறகும் ஸ்டேஷன் கட்டடத்தை இடிக்கவில்லை. 2015-ல் தீப்பிடித்து எரிந்தபோதுகூட மறுபடி கட்டினார்கள். தண்டவாளம் கிடந்த இடத்தில் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். அபர்தீனிலிருந்து அந்த ஊருக்குப் பஸ் உண்டு. இறங்கிய பின், லாக்நகர் மலைக்கு ஏறத் தொடங்கும் இடம் இன்னும் எட்டு மைலுக்கு மேல்.