மோனையின் மாண்பு

செய்யுளின் அடிகளிலோ சீர்களிலோ முதலெழுத்து ஒன்றி வருவது மோனை எனப்படும். ‘முகனை’ என்னும் சொல்லே மோனை என மருவிற்று என்பர் சொல்லாராய்ச்சி வல்லோர். உடலுக்கு முகம் போலச் சொல்லுக்கு முதலெழுத்து முதன்மையாதலின், இப்பெயர் பொருத்தமுடையதே.

மோனை புலவர் புதிதாகப் படைத்த ஒன்றன்று. ‘காடு கழனி’, ‘தோட்டம் துரவு’, ‘வாடி வதங்கி’ என உழவரும் நாள்தோறும் வழங்குதல் காண்க. யாப்பிலக்கணம் பயின்றோ அவர் இவ்வாறு பேசினர்? செவி விரும்பிற்று, நா வழங்கிற்று. மக்கள் பேச்சில் முளைத்த இதனையே புலவர் செய்யுளிற் பேணி வளர்த்தனர் என்பது என் துணிபு. தொல்காப்பியர் செய்யுளியலில் இதனைத் தொடைவகையுள் ஒன்றாக வைத்தார். பிற்கால யாப்பு நூலார் சீர்மோனைக்கு இணை முதல் முற்று ஈறாக எழுவகை கூறினர்.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் நூல்கள் பெரும்பாலும் கற்றோர் நெஞ்சிலேயே வாழ்ந்தன. முதற்சீர் நினைவிற்கு வரின், மோனை பிற சீர்களை அழைத்து வந்தது. செல்லரித்த ஏட்டில் மறைந்துபோன எழுத்தை உய்த்துணரவும் மோனையும் எதுகையும் பதிப்பாசிரியர்க்குத் துணை நின்றன.

வடமொழியார் இதனையொத்த அநுப்பிராசத்தைச் சொல்லணியாகக் கொண்டனர். தொல்காப்பியர் முதலாயினாரோ மோனையை யாப்பின் உறுப்பாகவே கொண்டனர். அணி கழற்றத்தக்கது, உறுப்பு அத்தகையதன்று.

இக்காலத்தார் சிலர், மோனை கருத்துக்குத் தளையாகும் என்பர். வேறு சிலர், மோனை ஒன்றையே நாடிப் பொருளை மறப்பர். இருசாராரும் அதன் இயல்பை உணர்ந்தாரல்லர். வற்றிய குளத்தைக் கண்ட ஒருவன், ‘நீரின்றி வறண்டு நின்றது நெடுங்குளம்’ என்று பாடுகின்றான் எனக் கொள்வோம். முதற்சீரிலும் மூன்றாம் நான்காம் சீர்களிலும் மோனை அமைந்து, மேற்கதுவாய் ஆயிற்று. ‘நெடு’ என்னும் அடைமொழியோ, ‘இத்துணைப் பெரிய குளமும் வற்றியதே!’ என்னும் இரக்கத்தையும் தந்தது. அவனே ‘நித்திலக்குளம்’ என்பானாயின், மோனை கெடவில்லை. ஆயினும் வற்றிய குளத்தில் முத்து ஏது? ஓசை நின்றது, உண்மை நீங்கிற்று.

ஆதலின், மாணவர்களே, எழுதப் புகும்போது முதற்கண் பொருளைத் தேர்ந்து கொள்ளுங்கள். அப்பொருளுக்கு ஏற்ற சொற்கள் பலவாயின், அவற்றுள் மோனைக்கு இயைந்ததை எடுத்து ஆளுங்கள். அத்தகைய சொல் கிடைக்காவிடத்து மோனையை விடலாம். பொருளை விடுதல் ஆகாது. பொருள் முன்செல்ல மோனை பின்தொடர்வதே தமிழ்ச் செய்யுள் நெறியாகும்.