பிழையே இல்லாத நோட்டு

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் ஆங்கில நோட்டை வாங்கிப் பாருங்கள். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். ஓரத்தில் சிவப்பு மையில் டிக், அடியில் தேதி, ஆசிரியர் கையொப்பம் எல்லாம் இருக்கும். பிழை மட்டும் இருக்காது. வீட்டில் பார்த்து மகிழ்வார்கள். ஆய்வுக்கு வருகிறவர்களும் நிறைவோடு திருப்பிக் கொடுப்பார்கள். எனக்கு அந்த நோட்டைப் பார்த்தால் பயம்தான் வருகிறது. ஜூன் முதல் ஏப்ரல் வரை பக்கம் பக்கமாக எழுதிய அந்தப் பிள்ளை, தானே யோசித்து எழுதிய வாக்கியம் ஒன்றுகூட அதில் இருக்காது. பிழை இல்லாததற்குக் காரணமே அதுதான்.

அந்த நோட்டு எப்படி நிரம்புகிறது என்பது ஆங்கிலம் நடத்தும் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் ஒரு பத்தி வாசிப்பார், தமிழில் பொருள் சொல்வார், அடுத்த பத்திக்குப் போவார். பாடம் முடிந்ததும் புக் பேக் கேள்விகள். விடை கரும்பலகையில் இருந்து வரும், இல்லாவிட்டால் கைடில் இருந்து வரும். மெமரி போயம் ஒப்பித்தாக வேண்டும். பருவத் தேர்வில் அதே கேள்வி, அதே விடை. இப்படியே எட்டாம் வகுப்பை முடித்த பிள்ளையிடம் 'நேற்று ஏன் வரவில்லை?' என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். கேள்வி புரியும். பதில் சொல்ல வாய் வராது.

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியை ஒட்டிய ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். ஆங்கில வகுப்பில் படைப்பாற்றல் வேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறார்கள். எதை வைத்து அதை அளப்பது? ஒரு வாரத்தில் ஒரு பிள்ளை தன் சொந்தச் சரக்கிலிருந்து எத்தனை ஆங்கில வாக்கியம் சொன்னது, எழுதியது என்பதை வைத்து அளக்கலாம். வண்ணக் காகிதமும் பாட்டும் பொம்மலாட்டமும் அதற்கு உதவினால் இருக்கட்டும். உதவாவிட்டால் அவை வேடிக்கை மட்டுமே.

தமிழ்நாட்டில் இதற்கு முயற்சி நடக்காமல் இல்லை. 2000களின் இறுதியில் நடுநிலை வகுப்புகளுக்குப் 'படைப்பாற்றல் கல்வி' என்ற பெயரிலேயே ஒரு முறை வந்தது. பாடத்தைப் படித்துவிட்டுப் பிள்ளையே மன வரைபடம் வரைந்து, தொகுத்து, எழுந்து நின்று பேச வேண்டும். நல்ல நோக்கம். நாளடைவில் பல வகுப்புகளில் மன வரைபடத்தையும் ஆசிரியர் கரும்பலகையில் வரைய, பிள்ளைகள் பார்த்து வரைந்தார்கள். 2012-இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடு வந்தது. 100 மதிப்பெண்ணில் 40 அதற்கு, அதில் 20 செயல்பாடுகளுக்கு. அந்த 20 மதிப்பெண் இன்று எங்கே போகிறது? எங்கள் ஊர் அச்சகங்களில் அச்சாகும் படத்தாள்களை வாங்கி, வெட்டி, சார்ட்டில் ஒட்டி, அக்காவோ அண்ணனோ தலைப்பு எழுதிக் கொடுத்தால் முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

வேறு வழி உண்டு என்பதற்கான சான்று தென்னிந்தியாவிலேயே இருக்கிறது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற மொழிக் கல்வி அறிஞர் பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசைப்படி நடத்தவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம், வகுப்பு நேர அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, யோசித்து விடை காண வேண்டிய வேலைகளைப் பிள்ளைகளிடம் தந்தார்கள். முதலில் ஒரு வேலையை ஆசிரியரும் வகுப்பும் பேசிப் பேசிச் சேர்ந்து முடிப்பார்கள். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளை தனியே செய்யும். விடை சரியா என்றுதான் பார்ப்பார்கள். வாக்கியப் பிழையை, பேச்சின் போக்கில் ஆசிரியர் சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இது 1987-இல் புத்தகமாக வந்தது. செயல்பணி வழியாக மொழி கற்பிப்பதைப் பற்றி இன்று உலகில் எங்கே பேசினாலும் அந்தச் சோதனையைக் குறிப்பிடுகிறார்கள். நம் பிள்ளைகளிடம் கற்ற பாடம் நம் வகுப்பறைகளுக்கு மட்டும் திரும்பி வரவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு உண்டு. பின்னாளில் அதை ஆராய்ந்தவர்கள், வழக்கமான பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு அந்த முறை சரியாகக் கைவரவில்லை என்றும் எழுதினார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியருக்குப் போதிய பயிற்சி இல்லாமல் எந்த முறையும் கைவராது.

என் வகுப்பில் இதை இப்படிச் செய்கிறேன். இருவர் இருவராக உட்காருவார்கள். ஒருவரிடம் பொதிகை எக்ஸ்பிரஸ் நிற்கும் ஊர்களும் நேரங்களும் உள்ள தாள். மற்றவரிடம் சிக்கல் உள்ள தாள்: மதுரை மருத்துவமனையில் இருக்கும் பாட்டியைப் பார்த்துவிட்டு ராஜபாளையத்தில் நடக்கும் கல்யாணத்துக்குப் போக வேண்டும், வழியில் சிவகாசியில் அத்தையையும் அழைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது, ஆங்கிலத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'வென் டிரெயின் சிவகாசி கம்?' என்று கேட்கிறார்கள். நானும் அதையே 'டஸ்' சேர்த்துச் சரியாகத் திருப்பிக் கேட்பேன். நாலாவது ஜோடிக்கு வரும்போது பலருக்கு அந்த 'டஸ்' தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதே சொல்லை இலக்கணப் பக்கத்தில் விளக்கினால் கண்கள் சொருகும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடநூலும் இருக்கிறது. பட்டாசுப் பெட்டி. திறந்த வெளியில் வை, கையை நீட்டிப் பற்றவை, உடனே விலகு, பக்கத்தில் வாளியில் தண்ணீர் வை என்று அதன் மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கட்டளை வாக்கியம் நடத்த இதைவிடப் பொருத்தமான பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பெட்டிகளை வாசித்த பிறகு, உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை எப்படிச் செய்வதென்று எழுதுங்கள் என்றேன். மெல்லக் கற்போர் பட்டியலில் எப்போதும் இருக்கும் ஒரு பையன், சைக்கிளில் கழன்ற செயினை மாட்டுவது பற்றி எழுதினான்: 'சைக்கிள் டர்ன் டவுன். ஸ்மால் வீல் செயின் புட். பெடல் ஸ்லோ ஸ்லோ. ஹேண்ட் பிளாக். சேண்ட் வாஷ்.' இதில் எத்தனை பிழை என்று எண்ணலாம். அவன் சொன்னபடி செய்தால் செயின் மாட்டிவிடும் என்பதையும் பார்க்கலாம்.

பட்டாசு ஆலையில் வேலை செய்யும் தாயின் மகள் ஒருத்தி, அம்மாவுக்கு எழுதினாள். 'அம்மா, நோ செல்போன். நோ நைலான் சாரி. காட்டன் சாரி ஒன்லி. ஈவ்னிங் கம் ஹோம்.' அந்தப் பக்கத்தில் நான் சிவப்பு மை தொடவில்லை. அம்மாவிடம் எத்தனை பருத்திப் புடவை இருக்கிறது, அவற்றில் உனக்குப் பிடித்த நிறம் எது என்று இரண்டு எளிய ஆங்கில வாக்கியங்களில் அடியில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பதில் எழுதிக்கொண்டு வந்தாள். என் கேள்வியில் இருந்த வாக்கிய அமைப்பை அவள் பதிலில் பயன்படுத்தியிருந்தாள். எங்கள் கடிதப் போக்குவரத்து இப்போதும் நடக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் சிவப்பாக்கினால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை பாதுகாப்பாகக் கைடைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் காட்டப்படுகின்றன. அதை ஆங்கில வகுப்போடு இணைக்கலாம். 1956-இல் வந்த 'ரெட் பலூன்' என்ற பிரெஞ்சுப் படம் 34 நிமிடம்தான் ஓடும். பாரிஸ் தெருக்களில் ஒரு சிறுவனும் அவனைப் பின்தொடரும் ஒரு சிவப்புப் பலூனும். வசனம் ஏறக்குறைய இல்லை. ஆனாலும் சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது பெற்றது. பாதியில் நிறுத்தி, அந்தப் பையன் பலூனிடம் என்ன சொல்கிறான் என்று எழுதச் சொன்னால் வகுப்பில் பேனா தேடும் சத்தம் கேட்கும். வசனம் ஏறக்குறைய இல்லாததால் கரும்பலகையில் எழுதிப் போடவும் ஒரு விடை கிடையாது.

எழுத்தே கூட்டத் தெரியாத பிள்ளையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆறாம் வகுப்பில் 'பி'யையும் 'டி'யையும் மாற்றி எழுதும் பிள்ளைகள் என்னிடமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி கட்டாயம் வேண்டும். அதற்காக, எழுத்து முழுதும் வரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருக்கச் சொல்வது கொடுமை. அவர்கள் சொல்லச் சொல்லத் தோழி எழுதட்டும். முதலில் தமிழிலேயே பேசி முடிவு செய்யட்டும். தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளைப் பார்த்து நாமும் தமிழை ஆங்கில வகுப்பிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது மனதில் தமிழில் தெளிவாக இருக்கும் பிள்ளைதான் ஆங்கிலச் சொல்லைத் தேடி என் மேசைக்கு ஓடி வருகிறது.

உண்மையான முட்டுக்கட்டை வினாத்தாள். பார்த்து எழுதியதை மறுபடி எழுதினால் மதிப்பெண் தரும் தேர்வு இருக்கும்வரை, நல்ல ஆசிரியரும் மார்ச் மாதத்தில் கைடுக்குத்தான் திரும்புவார். செயல்பாடுகளுக்கான 20 மதிப்பெண்ணைச் சார்ட்டுக்குத் தராமல், பருவம் முழுதும் பிள்ளை எழுதிய சொந்தப் பக்கங்களுக்குத் தர வேண்டும். பயிற்சிக் கூட்டங்களில் ஒளிப்படக் காட்சி போடுவதைக் குறைத்து, ஆசிரியர்களையே ஆங்கிலத்தில் அரைப்பக்கம் எழுத வைத்து ஒருவருக்கொருவர் வாசிக்கச் சொல்ல வேண்டும். 60 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் ஒரே ஒரு கேள்வியாவது யாரும் முன்கூட்டி விடை தயாரிக்க முடியாததாக இருக்கட்டும்.

எப்படிப்பட்ட கேள்வி என்று கேட்டால், வரும் செப்டம்பரில் முதல் பருவத் தேர்வுக்கே ஒன்று தருகிறேன்: 'உன் வீட்டில் ஒருவருக்கு நீ ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எப்படிச் செய்வது என்று ஐந்து வரியில் எழுது.' 10 மதிப்பெண். அதில் 7 வேலை புரிகிறதா என்பதற்கு, 3 மொழிக்கு.