படம் பிடிக்குமுன் ஒரு தாள்

கண்டி வாவிக்கரையில் மாணவர்கள் கமெராவும் கையுமாக நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு 2019 ஜனவரி நினைவுக்கு வருகிறது. ஹொரவப்பொத்தானை கிரலாகல தூபியின் மீதேறி எடுத்த படங்கள் முகநூலில் பரவியதால் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் எண்மர் கைதாயினர். விளக்கமறியலில் இருந்து, தண்டம் செலுத்தியே மீண்டனர். முன்கூட்டியே ஒருவர் விசாரித்திருந்தால் அப்படங்களே எடுக்கப்பட்டிரா என்பது என் எண்ணம்.

கண்டி 1988 முதல் உலக மரபுரிமை நகரம். இங்கே புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பது அவமதிப்பாகவே கொள்ளப்படும். சிங்களம் அறியாத தமிழ் பேசும் மாணவன் அகப்பட்டால், தன் நோக்கத்தை விளக்கவும் அவனால் இயலாது.

இயற்கையும் விளையாட்டுக் களமன்று. ஹந்தானையில் மூடுபனி இறங்கினால் வழி மறையும். மலைநாட்டில் மழை கொட்டினால் பேராதனையில் மகாவலி பெருகும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் குடித்தன.

செய்திக்குப் புறப்படுகையில் படப்பிடிப்பாளரிடம் நான் முதலில் கேட்பது, "திரும்பும் வழி எது?" என்பதே. மாணவர்களுக்கும் ஒரு தாள் போதும்: இடம், அனுமதி, வானிலை மற்றும் மண்சரிவு எச்சரிக்கை, அவசரத் தொலைபேசி இலக்கம், "போதும், திரும்புவோம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது.

இது உற்சாகத்தைக் கெடுக்கும் என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. அந்தத் தாளில் கையொப்பமிட ஆசிரியரும் முன்வரவேண்டும். பிள்ளைகள் அகப்பட்ட பின் அறிவுரை கூறுவது எளிது. புறப்படுமுன் பொறுப்பேற்பதே கடமை.