'ஸ்கேன் பண்ணுங்க'ன்னா போதுமா? சோலூர் பிள்ளைகளைக் கல்லூரிகள் கோட்டைவிடுவது இங்கேதான்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா போதும். பஸ் ஸ்டாண்டு, ஜெராக்ஸ் கடைக் கண்ணாடி, நாளிதழின் முதல் பக்கம்னு எங்கே திரும்பினாலும் 'அட்மிஷன் ஓப்பன்' விளம்பரம்தான். மூலையில ஒரு க்யூஆர் கோடு, பக்கத்துல 'ஸ்கேன் செய்க'. ஸ்கேன் பண்ணினா என்ன கிடைக்கும்? அதை மட்டும் சொல்ல மாட்டாங்க.

நீலகிரியில இருக்கிற சோலூரை எடுத்துக்கோங்க. தேயிலையும் மலைக்காய்கறியும் விளையுற பேரூராட்சி. காலேஜுன்னா ஊட்டிக்கு பஸ் ஏறணும், பல படிப்புகளுக்கு மலையிறங்கி கோயம்புத்தூர் வரை போகணும். இங்கே யாருக்கும் க்யூஆர் கோடு புதுசில்லை. 2018-ல வர ஆரம்பிச்ச புதிய பள்ளிப் பாடப்புத்தகங்கள்லயே அது இருந்துச்சு. டீக்கடையில காசு கொடுக்குறதும் அதை வெச்சுதான். ஸ்கேன் பண்ணத் தெரியாம யாரும் நிக்கலை. ஸ்கேன் பண்ணின பிறகுதான் சிக்கல்.

திறக்குற பக்கத்துல முதல்ல வருவது கேம்பஸோட ட்ரோன் வீடியோ. மலை வளைவுல ஒத்தை சிக்னல் புள்ளியோட நிக்கிற பொண்ணுக்கு அது சுத்திக்கிட்டே இருக்கும். ஒருவழியா திறந்தா, பெயர், மொபைல் நம்பர், மார்க் கேட்டு ஒரு ஃபார்ம். அவளுக்குத் தேவை பி.காம் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா, முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமா என்ற மூணு பதில்தான். அது கிடைக்காது. மறுநாள்ல இருந்து போன் கால் மட்டும் தவறாம வரும். அந்த போன் பெரும்பாலும் அப்பாவோடதுங்கிறதால, தோட்ட வேலைக்கு நடுவுல மாட்டிக்கிறது அவர்தான்.

டிசைன்லயும் கோட்டை விடுறாங்க. 1994-ல ஜப்பானின் டென்சோ நிறுவனத்துல மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கினது இந்தக் கோடு. ஃபேக்டரி எண்ணெய்க் கறை பட்டாலும் வேலை செய்யணும்னு, அதிகபட்சம் சுமார் 30 சதவிகிதம் வரை சேதமானாலும் படிக்கிற மாதிரி அமைச்சாங்க. அந்தச் சலுகையை நம்பித்தான் நடுவுல லோகோ வைக்கிறாங்க. சேதத்துக்குன்னு ஒதுக்கின இடத்தை லோகோவே தின்னுட்டா, மழையிலும் பனியிலும் நனைஞ்சு கிழியுற ஊட்டி போஸ்டருக்கு என்ன மிச்சம்?

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. தூரத்துல பத்துல ஒரு பங்கு அகலம். 3 மீட்டர் தள்ளி நின்னு ஸ்கேன் பண்ணணும்னா கோடு 30 சென்டிமீட்டர் இருக்கணும். ஓடுற பஸ்ஸோட முதுகுல உள்ளங்கை அளவுல ஒட்டினா யாரு துரத்திப் பிடிக்கிறது? இதைவிட காமெடி, போஸ்டரை அப்படியே வாட்ஸ்அப்ல அனுப்புறது. கையில இருக்கிற ஒரே போனை எந்த போனால ஸ்கேன் பண்றது? கேலரி வழியா திறக்கலாம்தான். ஆனா ஒரு லிங்க் போட்டா வேலை முடிஞ்சுதே!

'ஆயிரக்கணக்குல ஸ்கேன்'னு மார்க்கெட்டிங் டீம் சந்தோஷப்படலாம். 2022 சூப்பர் பவுல் மேட்ச்ல காயின்பேஸ் நிறுவனம் ஒரு நிமிஷம் முழுக்க க்யூஆர் கோடை மட்டும் திரையில மிதக்கவிட்டுச்சு. கூட்டம் தாங்காம அவங்க ஆப்பே கொஞ்ச நேரம் முடங்கிருச்சு. கல்லூரிக்கு அந்தக் கூட்டம் வேண்டாம், சேரப்போற பிள்ளைகள் வந்தா போதும். 'பி.காம் கட்டணம், பஸ் ரூட் பார்க்க'ன்னு கோடு பக்கத்துலயே தமிழ்ல எழுதி, ஃபார்ம் கேட்காம எழுத்து மட்டும் உள்ள பக்கத்தைத் திறந்து, கீழே ஒரு போன் நம்பர் போடலாம். ஊட்டி போஸ்டருக்கு ஒண்ணு, குன்னூருக்கு ஒண்ணுன்னு தனித்தனி லிங்க் வெச்சா, எது வேலை செஞ்சுதுன்னு யார் நம்பரையும் பிடுங்காமலே தெரிஞ்சுடும்.

நம்பர் வாங்குறதும் சாதாரண விஷயமில்லை. பிளஸ் டூ முடிக்கிற பலருக்கு வயசு 17. 2023-ல நிறைவேறின டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழே இருந்தா குழந்தைதான். அவங்க தகவலைக் கையாள பெற்றோர் சம்மதம் வேணும். இதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வெளியாகி, படிப்படியா நடைமுறைக்கு வந்துக்கிட்டிருக்கு. 'அப்ளை நவ்' பட்டனுக்குக் கீழே எத்தனை கல்லூரி பெற்றோர் சம்மதம் கேட்குது, பாருங்க.

நீங்க ஸ்கேன் பண்றப்போ, கோடு மேல வேற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. திறக்கும் முன்னாடி வர்ற முகவரியையும் படிங்க. கல்வி நிறுவனங்களுக்குன்னே 'ஏசி டாட் இன்', 'ஈடியு டாட் இன்' முகவரிகள் இருக்கு. கேள்விப்படாத பல்கலைக்கழகமா இருந்தா, யுஜிசி தளத்துல போலிப் பல்கலைக்கழகப் பட்டியல் இருக்கு, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க.