ஐ7 போட்டால் கேமிங் பிசி ஆகிவிடுமா?

பிளஸ் டூ முடித்த பையன் இருக்கிற வீடுகளில், பைக் கோரிக்கைக்கு அடுத்தபடியாக இப்போது வருவது கேமிங் பிசி கோரிக்கை. ராஜபாளையத்தில் கேட்டாலும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டாலும், கடையில் எழுதித் தரும் கொட்டேஷன் ஏறக்குறைய ஒன்றுதான்: ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடி முகமும் மூன்று கலர் ஃபேனும் உள்ள கேபினெட். "எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடயே வந்துரும் தம்பி, அதுக்குத் தனியா எதுக்குக் காசு?" என்பது இலவச ஆலோசனை. "இதுக்கு மேல போனா லட்ச ரூபா ஆயிரும்" என்பது முத்தாய்ப்பு.

இந்தக் கொட்டேஷனில் ரேமைத் தவிர மற்ற எல்லா வரியும் தவறு என்பது என் கட்சி. கடைக்காரரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் விற்பதில் பெரும்பகுதி மில் ஆபீசுக்கும், டேலி போடும் கணக்கருக்கும், ஜெராக்ஸ் கடைக்கும் போகிறது. அந்த வேலைகளுக்கு இந்த சிஸ்டம் தாராளம். கேம் விளையாடக் கேட்கும்போதும் அதே சிஸ்டத்துக்குக் கலர் விளக்குப் போட்டுத் தருவதில்தான் கோளாறு.

ஐ7-லிருந்து தொடங்கலாம். எந்த ஐ7 என்று கொட்டேஷனில் இருக்காது. இருபது, இருபத்தைந்தாயிரத்துக்குள் முழு சிஸ்டம் என்றால், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐ7-2600 அல்லது ஐ7-3770. முன்னது 2011-இல் வந்தது, பின்னது 2012-இல். பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றியவை. தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதும் அதே 2011-இல்தான். அந்த லேப்டாப்பை வாங்கிய அக்காமார்களின் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள்.

2022 ஜனவரியில் வந்த ஐ3-12100எஃப்-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐ7-3770-க்கு நான்கு கோர், எட்டு த்ரெட். இந்த ஐ3-க்கும் அதே நான்கு, அதே எட்டு. ஆனால் ஒரு கோரின் வேகத்தை மட்டும் எடுத்தால், ஐ3 ஒன்றரை மடங்குக்கும் மேல். பெரும்பாலான கேம்கள் நம்பி ஓடுவது அந்த ஒற்றைக் கோர் வேகத்தைத்தான். பெயருக்குப் பின்னால் வரும் நான்கைந்து இலக்கங்களை விட்டுவிட்டு 3, 5, 7 என்பதை மட்டும் பார்ப்பவர்களை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

வேகத்தை விடவும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள், ஏறவும் செய்யும். ஆனால் பையன் எதற்காக அடம்பிடித்தானோ அந்த வேலரன்ட் கேம், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இல்லாமல் திறக்காது. மைன்கிராஃப்டும் பழைய ஜிடிஏவும் போதும் என்கிற பையனுக்கு இந்தப் பழைய ஐ7 கெடுதல் இல்லை. அப்படியானால் பழைய சிஸ்டத்துக்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள்.

புது ப்ராசஸரிலும் ஒரு பொறி உண்டு. பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும் வரை மானிட்டரில் படமே வராது. ஆன்லைன் விண்ணப்பமும் செமஸ்டர் ப்ராஜெக்டும் அதே கம்ப்யூட்டரில்தான் என்ற வீட்டில், சில நூறு, ஓராயிரம் கூடக் கொடுத்து எஃப் இல்லாததை வாங்குவது புத்திசாலித்தனம்.

அடுத்தது "4 ஜிபி கிராபிக்ஸ்". இந்த விலையில் 4 ஜிபி என்றால் அது அநேகமாக ஜிடி 730. 2014-இல் வந்த கார்டு. மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டியை வைத்துவிட்டு அரை இஞ்சுக் குழாயில் தண்ணீர் இறக்கினால் எப்படியோ, அப்படி. ஜிபி என்பது தொட்டியின் அளவு. கேமுக்கு வேண்டியது குழாயின் அகலம். கடையில் அதிகம் கிடைக்கும் டிடிஆர்3 வகை ஜிடி 730-இன் நினைவகம் நொடிக்கு 14.4 ஜிபி தரவைத்தான் நகர்த்தும். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-க்கும் அதே 4 ஜிபிதான். அது நகர்த்துவது 128. 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600 நகர்த்துவது 224. போதாக்குறைக்கு, ஜிடி 730 தலைமுறைக்கு என்விடியா புதிய கேம் டிரைவர் தருவதை 2021-லேயே நிறுத்திவிட்டது. ப்ராசஸரிலேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி-ஐ இரண்டு ரேம் துண்டுகளோடு போட்டால், தனிக் கார்டே இல்லாமல் இந்த ஜிடி 730-ஐ முந்திவிடும். துண்டு இரண்டாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரே 16 ஜிபி துண்டைச் செருகினால் பாதை பாதியாகிவிடும். கேமில் அது கண்ணுக்கே தெரியும்.

செகண்ட்ஸ் கார்டு வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கிராபிக்ஸ் கார்டு வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தோண்டுவது 2022 செப்டம்பரில் நின்ற பிறகு அப்படி உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் வருவதை மட்டும் ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஷேடர் எண்ணிக்கை 2304 என்று காட்டினால் அசல் 580. 2048 என்றால் சீனச் சந்தைக்கென்று வந்த குறைந்த ரகம். விலையும் குறைய வேண்டும்.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டி. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்து, பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே சின்னக் கட்டங்களில் 3.3, 5, 12 என்று வோல்ட் வாரியாக ஆம்பியர் கணக்கு. 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட்டெல்லாம் இப்போது யாரும் அதிகம் தொடாத 3.3-லும் 5-லும் எழுதி ஒப்பேற்றிய கணக்கு. ரைசன் 5 5600-க்கு 65 வாட், ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட். இரண்டும் சேர்ந்தாலே 197. ஃபேனும் டிஸ்க்கும் இன்னும் கணக்கில் வரவில்லை. அந்த 192-ஐயாவது அது நிஜமாகத் தருமா என்பது தனிக் கேள்வி.

ஸ்டிக்கர் படிக்கப் பொறுமை இல்லாவிட்டால் ஒயரைப் பாருங்கள். நல்ல கார்டுக்கு ஆறு பின் அல்லது எட்டுப் பின் கனெக்டர் வேண்டும். இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அது இருக்காது. பழைய ஹார்டு டிஸ்க் ஒயரிலிருந்து அடாப்டர் போட்டுக் கொடுப்பார்கள். எட்டுப் பின் வழியாக 150 வாட் வரை போக விதி உண்டு. அந்த மெல்லிய ஒயருக்கு அது தெரியாது. பிளாஸ்டிக் உருகிய வாடை வந்த பிறகு கார்டு கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

"நம்ம வீட்டுல இன்வெர்ட்டர் இருக்குண்ணே, கரண்டு போனாலும் பயமில்ல" என்பது அடுத்த தைரியம். நம் பக்கத்தில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவுதான். ஆனால் பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு சின்ன சுவிட்ச் இருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மின்சாரம் நின்றால் ஓர் எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பில் தாங்குவது சுமார் 16 மில்லி விநாடி. ஈகோ முறையில் பேட்டரிக்கு மாறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகலாம். டியூப்லைட் ஒரு சிமிட்டுச் சிமிட்டும், ஃபேன் சுற்றிக்கொண்டேயிருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். தனியாக யுபிஎஸ் வாங்குவதானால், 600 விஏ என்று எழுதியிருப்பது வழக்கமாக 360 வாட்தான் என்பதை நினைவில் வையுங்கள். மானிட்டரோடு 300 வாட் வரை இழுக்கும் சிஸ்டத்துக்கு அது சேவ் செய்து அணைக்க மட்டும் போதும். மேட்சை முடிக்கப் போதாது.

எர்த் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேபினெட்டின் இரும்பில் கை பட்டால் சுரீர் என்கிறதா? "அது எல்லா கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான்" என்று சொல்வார்கள். அப்படியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே வடிகட்டியில் கசியும் சிறு மின்சாரம் எர்த் வழியாக இறங்க வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியில் நிற்கும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும். மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து இடி மின்னலை நம்பி, எர்த் இல்லாத பிளக்கில் ஐம்பதாயிரம் ரூபாயைச் செருகாதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

"நம்மூரு வெயிலுக்கு வாட்டர் கூலிங் இல்லாம முடியாது" என்கிறார்கள். தண்ணீர் குளிர்விப்பானும் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டுவது அதே அறைக் காற்றில்தான். அறை 38 டிகிரியில் இருந்தால் எந்தக் கூலராலும் அதற்குக் கீழே இறக்க முடியாது. ரைசன் 5 5600-க்குப் பெட்டியோடு வரும் கூலரே போதும். நம் ஊருக்கு வேண்டியது, முன்பக்கம் வலை உள்ள கேபினெட்டும் கழற்றி உதறக்கூடிய தூசி வடிகட்டியும். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரக் காற்றில் பஞ்சுத் துகள் கலந்திருக்கிறது. மில் பக்கத்து வீடுகளிலும், சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளின் அருகிலும், வடிகட்டி இல்லாத கேபினெட்டைச் சில மாதம் கழித்துத் திறந்தால் கூலரின் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் படலம் படிந்திருக்கும். உரித்தால் துணி மாதிரி வரும். கண்ணாடி முகம் வைத்த கேபினெட் காற்றை முன்னால் மறித்து, பக்கத்து இடுக்கு வழியாக இந்தப் பஞ்சோடு உறிஞ்சும். கலர் ஃபேன் இதையெல்லாம் அழகாக வெளிச்சம் போட்டுக் காட்டும்.

கரண்ட் பில்? 300 வாட்டில் தினம் மூன்று மணி நேரம் ஆடினால் 0.9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 54. பெற்றோர் இதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேறு காரணங்கள் உண்டு.

"சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால்தான் மலிவு" என்பது இங்கே வேதவாக்கு. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி ஒரு ராத்திரிப் பயணம், மறுநாள் அலைச்சல். பாகங்களுக்கு ஜிஎஸ்டி அங்கேயும் 18 சதவீதம், இங்கேயும் 18 சதவீதம். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பதுதான் அந்த மலிவில் பாதி. பில் இல்லாத கார்டு பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? ப்ராசஸர், கார்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றையும் எங்கே வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். கூரியரில் வந்தாலும் பழுதில்லை. மானிட்டரையும் கேபினெட்டையும் உள்ளூரில் வாங்குங்கள். மானிட்டரைக் கடையிலேயே ஓடவிட்டு, புள்ளி செத்திருக்கிறதா என்று பார்த்துத் தூக்கி வரலாம். அசெம்பிள் செய்யும் கூலியை உள்ளூர்க் கடைக்கே கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டம் ஆன் ஆகாவிட்டால் போனை எடுப்பவர் அவர்தான்.

"அதே காசுக்குக் கேமிங் லேப்டாப்" என்பவர்களுக்கு ஓரளவு நியாயம் உண்டு. கிருஷ்ணன்கோவிலிலோ கோவையிலோ விடுதியில் தங்கிப் படிக்கப்போகும் பிள்ளைக்கு லேப்டாப்தான் சரி. வீட்டில் இருப்பவனுக்கு வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில், டெஸ்க்டாப்புக்கு முதலில் வந்தது 8 ஜிபி, 130 வாட். லேப்டாப்புக்கு வந்தது 4 ஜிபி, அதிகபட்சம் 80 வாட். மெல்லிய லேப்டாப்புகளில் அதுவும் இல்லை.

என் கொட்டேஷன் இது. கையிலிருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். பத்தில் ஒரு பங்கு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு: 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) முத்திரையும் சொந்த எட்டுப் பின் ஒயரும் உள்ள 500 அல்லது 550 வாட். ப்ராசஸருக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ3-12100 போதும். ரைசனின் ஏஎம்4 சாக்கெட் பழசு என்பார்கள், பழசுதான். ஆனால் 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் புது ஏஎம்5 போர்டை விட, கையில் இருக்கும் அல்லது செகண்ட்ஸில் கிடைக்கும் டிடிஆர்4 ரேமை ஏற்கும் போர்டு சிக்கனமானது. மொத்தத் தொகை ஒரேயடியாகப் புரளாவிட்டால், 5600ஜி-யும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்கி இப்போதே தொடங்குங்கள். தீபாவளிக்கோ, அதற்கடுத்த பொங்கலுக்கோ கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம். எஸ்எம்பிஎஸ் முதலிலேயே சரியாக இருந்தால்தான் இந்தத் தவணைத் திட்டம் செல்லும்.

கடைக்குப் போகும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். கொட்டேஷனில் ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஐ7", "4 ஜிபி கார்டு", "450 வாட்" என்று மட்டும் எழுதிய தாளுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.